பழவெல்லத்தின் வழக்கு: ஒரு வரலாற்று நோக்கு

அறுசுவைகளை எண்ணப் புகுவோர் இனிப்பையே முதற்கண் வைத்து எண்ணுவர். குழவிக்கு அன்னை ஊட்டும் பாலும், விருந்தினர்க்கு இன்மொழியோடு அளிக்கும் பண்டமும், விழா நாளிற் படைக்கும் பொங்கலும் இச்சுவையாலேயே சிறக்கின்றன. இத்துணை விரும்பப்படும் இனிப்பினை மருத்துவ உலகம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி நெடுங்காலமாக விசாரித்து வருகின்றது. அவ்விசாரணையில் அண்மைக் காலத்திற் பெரிதும் அடிபட்ட பெயர் பிரக்டோசு எனப்படும் பழவெல்லமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஏறத்தாழ நூறாண்டு காலம் நீரிழிவு நோயாளர்க்கு உற்ற துணைவன் எனப் போற்றப்பட்ட இப்பொருள், அதன்பின் அந்நோய்க்கே வித்திடுவது எனத் தூற்றப்படலாயிற்று. பொருளோ மாறவில்லை; அதன் அணுவமைப்பும் மாறவில்லை. அங்ஙனமாயின் மாறியது யாது? இவ்வினாவுக்கு வரலாற்றின் வழியே விடை காண முயல்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பழவெல்லம் யாதென அறிதல் வேண்டும். கனிகளிலும், தேனிலும், சில கிழங்குகளிலும் இயற்கையாக அமைந்துள்ள எளிய வெல்லம் அது. அதன் மூலக்கூறு ஒன்றில் ஆறு காபன் அணுக்களும், பன்னிரண்டு ஐதரசன் அணுக்களும், ஆறு ஒட்சிசன் அணுக்களும் உள்ளன. குளுக்கோசு மூலக்கூற்றிலும் இவ்வணுக்களே இவ்வெண்ணிக்கையிலேயே உள்ளன. அவை அடுக்கப்பட்ட முறையிலேதான் வேற்றுமை. நாம் நாடோறும் தேநீரிற் கலக்கும் வெண்சீனி சுக்குரோசு எனப்படும். அது குளுக்கோசு மூலக்கூறு ஒன்றும் பழவெல்ல மூலக்கூறு ஒன்றும் இணைந்து ஆயது. எனவே, சீனி உண்போர் அனைவரும், தாம் அறிந்தோ அறியாமலோ, பாதிக்குப் பாதி பழவெல்லம் உண்பவரேயாவர். பழவெல்லத்தின் வழக்கு சீனியின் வழக்கிலிருந்து பிரித்தற்கரியதாய் நிற்பதன் காரணம் இதுவே.

சீனியின் மீதான வழக்கு மிகப் பழையது. இங்கிலாந்தின் புகழ்வாய்ந்த மருத்துவரான தோமஸ் வில்லிஸ் 1674 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், நீரிழிவு நோயாளரின் சிறுநீர் தேன்போல் இனித்தலைக் குறித்தார். அவரே பிறிதோரிடத்திற் சீனியை மிகுதியாகக் கலந்த உணவைக் கண்டித்து, ஸ்கேவி எனப்படும் முரசு நோய் பரவுதற்கு அது துணை செய்கின்றது எனவும் எழுதினார். ஸ்கேவி நோய்க்குக் காரணம் உயிர்ச்சத்துக் குறைவே என்பதை நாம் இன்று அறிவோம். ஆதலால் அவர் சுமத்திய குற்றம் பிழையானதே. எனினும் சீனிக்காக வாதாடவும் ஒருவர் முன்வந்தார். பிரெடெரிக் ஸ்லேயர் என்னும் மருத்துவர் 1715 ஆம் ஆண்டில், வில்லிஸின் குற்றச்சாட்டினின்றும் சீனியை விடுவித்தற்கென்றே ஒரு நூல் எழுதினார். சீனியை விரும்பியுண்ட தம் பாட்டனார் நூறாண்டு வாழ்ந்தார் எனவும், முதுமையில் அவருக்குப் புதுப்பற்கள் முளைத்தன எனவும் அவர் அந்நூலிற் சான்று காட்டினார். அங்ஙனம் புகழ்ந்தவர்தாமும், உடல் பருத்தலை விரும்பாத மகளிர் சீனியை அளவோடு கொள்க என ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க மறந்தாரல்லர். பிழையான குற்றச்சாட்டும் நகைப்புக்கிடமான எதிர்வாதமுமாக இவ்வழக்குத் தொடங்கியது. ஆயினும், ஒரு மனிதரின் வாழ்வைக் கண்டு உலகுக்கெல்லாம் பொதுவிதி வகுக்கும் ஸ்லேயரின் முறை அவரோடு ஒழிந்துவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

அக்காலத்திற் சீனி அரிய பண்டம். பிரித்தானியாவில் 1700 ஆம் ஆண்டளவில் ஒருவர் ஆண்டொன்றுக்கு உண்ட சீனி சராசரி 4 இறாத்தல் மாத்திரமே. 1800 இல் அது 18 இறாத்தலாயிற்று; பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் 80 இறாத்தலையும் கடந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் சிந்திய குருதியும் வியர்வையும் முதலில் இப்பெருக்கத்துக்கு அடிப்படையாயின. பின்னர் ஐரோப்பாவிலேயே கிழங்கிலிருந்து சீனி எடுக்கும் தொழிலும் வளர்ந்தது. ஜேர்மனியரான மார்க்கிராப் 1747 இற் பீற் கிழங்கிற் சீனி இருத்தலைக் கண்டமை அதற்கு அடிகோலியது. இவ்வாறு, ஈரல் முன்னொருபோதும் சுமந்தறியாத பாரத்தை மனிதர் அதன் மீது ஏற்றலாயினர். ஆனால் அதனை அளந்தறிதற்கு அன்று எவரிடத்தும் கருவி இருக்கவில்லை.

பழவெல்லத்தைத் தனிப்பொருளாக இனங்கண்டவர் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞரான துபிரன்போ என்பவர். அவர் அதனைக் கண்டது 1847 ஆம் ஆண்டில். முனைவாக்கிய ஒளியை இப்பொருள் இடப்புறமாகத் திருப்பும் இயல்புடையதாதலின் இதற்கு இலெவுலோசு என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கியது. 1857 இல் ஆங்கில இரசாயன அறிஞரான வில்லியம் அலன் மில்லர், கனியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினடியாகப் பிரக்டோசு என்னும் பெயரைப் படைத்தார். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எமில் பிஷர் என்னும் ஜேர்மன் பேரறிஞர் வெல்லங்களின் அமைப்பை ஐயந்திரிபற நிறுவினார். 1902 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது.

இதற்கிடையில், 1874 ஆம் ஆண்டில், கூல்ஸ் என்னும் ஜேர்மன் மருத்துவர் ஒரு வியத்தகு செய்தியைக் கண்டார். குளுக்கோசைத் தாங்கமாட்டாத நீரிழிவு நோயாளர் பழவெல்லத்தை ஒருவாறு தாங்குகின்றனர் என்பதே அது. நாயொன்றின் சதையியை அகற்றினால் அதற்கு நீரிழிவு உண்டாகும் என்பதை மின்கோவ்ஸ்கியும் வொன் மெறிங்கும் 1889 இற் காட்டினர். அத்தகைய நாய் குளுக்கோசிலிருந்து ஈரலிற் கிளைக்கோசனைச் சேமிக்க இயலாதாயினும், பழவெல்லத்திலிருந்து சேமிக்க வல்லதென்பதை மின்கோவ்ஸ்கி பின்னர்க் கண்டார். சதையியின் துணையின்றியும் உடல் கையாளக்கூடிய ஓர் இனிப்பு உண்டு என்பது அன்றைய மருத்துவர்க்கு எத்துணை நம்பிக்கை அளித்திருக்கும்! இன்சுலின் என்னும் அருமருந்தினால் நோயாளர்க்கு மருத்துவம் செய்தல் 1922 ஆம் ஆண்டிலேதான் தொடங்கிற்று. அதற்கு முன்னர் நீரிழிவு கண்ட சிறுவர்க்குப் பட்டினியன்றி வேறு புகல் இல்லை. அந்நிலையில் ஒரு கரண்டி இனிப்பு உண்ணலாம் எனச் சொல்ல நேர்ந்த மருத்துவர் மகிழ்ந்தமையைக் குறை கூறுதல் தகாது.

இன்சுலின் வந்த பின்னரும் அந்நற்பெயர் நீங்கவில்லை. பழவெல்லம் சீனியினும் மிக இனியது. ஆதலாற் சிறிதளவே போதும். அதனை உண்டபின் குருதியிற் குளுக்கோசின் அளவு பெரிதும் உயர்வதில்லை. ரொரன்ரோப் பல்கலைக்கழகத்து அறிஞரான டேவிட் ஜென்கின்ஸும் துணைவரும் 1981 இல், உணவுகள் குருதியின் குளுக்கோசை எத்துணை உயர்த்துகின்றன என்பதை ஒழுங்குபடுத்தி ஓர் அட்டவணை வெளியிட்டனர். அத்தகைய அட்டவணைகளிற் குளுக்கோசுக்கு 100 எனக் கொண்டால் பழவெல்லத்துக்கு ஏறத்தாழ 20 என்பதே எண். எனவே நீரிழிவு நோயாளர்க்கென்று செய்யப்பட்ட இனிப்புப் பண்டங்களிலும் பழப்பாகுகளிலும் பழவெல்லம் இடம்பெற்றது. மருத்துவர் கையிலிருந்த அளவுகோல் குருதியின் குளுக்கோசு. அவ்வளவுகோலில் இவ்வெல்லம் குற்றமற்றதாய்த் தோன்றியது. அளவுகோல் காட்டாதது இல்லையென்றே கொள்ளப்பட்டது. இவ்வரலாற்றின் திருப்புமுனை இவ்விடத்திலேதான் உள்ளது.

முதல் ஐயம் ஓர் இளம்பெண்ணின் வாயிலாக எழுந்தது. கனிகளையும் இனிப்பையும் உண்டால் தமக்கு மயக்கமும் குமட்டலும் உண்டாவதாக அப்பெண் மருத்துவரிடம் முறையிட்டார். இத்தகைய முறைப்பாடுகளை மனப்பிரமையென ஒதுக்குதல் எளிது. ஆனால் சேம்பர்ஸ், பிரற் என்னும் பிரித்தானிய மருத்துவர் இருவர் அவ்வாறு ஒதுக்காது, அவருக்குக் குளுக்கோசையும் பழவெல்லத்தையும் தனித்தனியே கொடுத்துச் சோதித்தனர். பழவெல்லமே அவரை வருத்தியது. இச்செய்தி 1956 ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிற் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த புறோஷும் அவர்தம் துணைவரும் இது பரம்பரையாக வரும் குறைபாடு என நிறுவினர். பழவெல்லத்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்று ஈரலிற் பழுதுபட்டிருத்தலே இதன் காரணம். இக்குறையுடன் பிறந்தோர் இனிப்பைத் தாமாகவே வெறுத்து ஒதுக்குவர். அதனால் அவர்தம் பற்கள் பெரும்பாலும் சொத்தையின்றி விளங்குதல் கண்டு மருத்துவர் வியந்தனர்.

இது மிக அரிய நோய். எனினும் அது ஒரு பெரும் ஆபத்தை வெளிப்படுத்தியது. நீரிழிவுள்ளோர்க்கு ஏற்றது என்னும் எண்ணத்தால், சத்திரசிகிச்சைக்குப் பின் நாளத்தின் வழியே செலுத்தும் நீர்களிற் குளுக்கோசுக்குப் பதிலாகப் பழவெல்லமும், உடலினுள் பழவெல்லமாக மாறும் சோபித்தோலும் சேர்க்கப்படும் வழக்கம் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில், சிறப்பாக ஜேர்மனியில், நிலவியது. பரம்பரைக் குறைபாடு தமக்கு இருத்தலை அறியாத நோயாளர் சிலர் அதனால் உயிரிழந்தனர். அக்குறைபாடு இல்லாதவரிடத்தும் இந்நீர்கள் குருதியில் இலத்திக்கமிலத்தை மிகுவித்தன. 1972 ஆம் ஆண்டில் வூட்ஸ், அல்பேட்டி என்னும் மருத்துவர் இருவர் லான்செற் ஏட்டில் இவ்வாபத்தை வெளிப்படையாக எச்சரித்தனர். காலப்போக்கில் இவ்வழக்கம் கைவிடப்பட்டது. இனிப்பை ஒதுக்கி வாழ்ந்த அவ்விளம்பெண் சொன்னதை மருத்துவர் இருவர் செவிமடுத்தமையால், அறியாது செய்த ஒரு பிழை அம்பலமாயிற்று. மருத்துவம் பயிலும் மாணவர் இதனை நெஞ்சிற் பதித்தல் நன்று.

இதே காலத்திற் பிறிதொரு கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது. பழவெல்லம் குருதியில் யூரிக்கமிலத்தை உயர்த்துகின்றது எனப் பின்லாந்து நாட்டு மருத்துவரான பெர்ஹென்ருபாவும் இறைவியோவும் 1967 இற் காட்டினர். இவ்வமிலம் மிகுதல் மூட்டுக்களிற் கடுநோவை விளைவிக்கும் கௌட் என்னும் வாத நோய்க்கு வழிவகுக்கும். குருதியின் குளுக்கோசு ஒன்றையே நோக்கியிருந்த கண்கள், இப்போது பிறிதோர் அளவையால் நோக்கியபோது பிறிதொன்றைக் கண்டன.

சீனியின் வழக்கு இதே ஆண்டுகளில் இருதயநோயைச் சுற்றி மூண்டெழுந்தது. 1955 ஆம் ஆண்டில் அமெரிக்க சனாதிபதி ஐசனோவர் மாரடைப்புக்கு ஆளானமை அந்நோயை உலகறியச் செய்தது. அந்நோய்க்குக் காரணம் உணவிலுள்ள நிறைகொழுப்பே என அன்சல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞர் வாதித்தார். 1958 இற் தொடங்கிய அவரது ஏழு நாட்டு ஆய்வு பெரும் புகழ் பெற்றது. இலண்டனிலிருந்த எலிசபெத் அரசியார் கல்லூரியின் போசாக்கியற் பேராசிரியர் ஜோன் யுட்கின் இதனை மறுத்தார். கொழுப்பன்று, சீனியே குற்றவாளி என்பது அவர் கொள்கை. சீனியின் பழவெல்லப் பகுதியே கேடு விளைப்பது எனவும் அவர் ஐயுற்றார். இருவர்க்கும் இடையே எழுந்த வாதம் கடுமையானது. கீஸ் தம் எதிரியின் சான்றுகளை 1971 இல் ஏளனத்தோடு ஒதுக்கினார். யுட்கின் 1972 இல் வெளியிட்ட, ‘தூயது, வெண்மையானது, கொடியது’ எனப் பொருள்படும் தலைப்புடைய நூல் பொதுமக்களிடையே பரவியதாயினும், அறிஞருலகம் பெரும்பாலும் அவரைக் கைவிட்டது.

இவ்விடத்தில் ஒன்று நோக்கற்பாலது. பிரித்தானியாவில் இருதயநோய் பெருகியமைக்கும் எதற்கும் மிக நெருங்கிய தொடர்பு உண்டு எனத் தேடியபோது, உணவுப் பொருள்களினும் வானொலி, தொலைக்காட்சி அனுமதிப் பத்திரங்களின் தொகையே முன்னிற்கின்றது என்பதை 1957 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் இதே யுட்கின் ஆவார். இரண்டு பொருள்கள் ஒருங்கு வளர்தலால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகாது என்பதை நன்கறிந்தவர் அவர். ஆயினும் சீனி பற்றிய அவரது சான்றுகளும் பெரிதும் இத்தகைய ஒருங்கு வளர்ச்சியையே சார்ந்திருந்தன. அவருடைய எதிரிகள் கண்ட குறை முற்றும் பொய்யன்று.

எனினும் வழக்கின் தட்டு வேறொரு பாரத்தாலும் சாய்ந்தது. 1967 ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் போசாக்கியல் அறிஞர் மூவர், இருதயநோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் ஒரு மீளாய்வு எழுதினர். சீனியின் மீதான சான்றுகள் அதிற் குறைவாக மதிப்பிடப்பட்டு, கொழுப்பின் மீதான குற்றம் வலியுறுத்தப்பட்டது. சீனி உற்பத்தியாளரின் ஆய்வு நிறுவனம் அதற்கென 6,500 டொலர் அளித்திருந்தமையும், அதன் நோக்கத்தை முன்னரே தெரிவித்திருந்தமையும் பழைய கடிதங்களிலிருந்து 2016 ஆம் ஆண்டிலேதான் வெளிப்பட்டன. இதனை ஒரு பெருஞ் சூழ்ச்சி என்பார் உளர். அக்காலத்தில் நிதியுதவியை வெளிப்படுத்தும் கட்டாயம் அவ்வேட்டில் இருக்கவில்லையெனவும், அவ்வறிஞர் கொழுப்பைப் பற்றி அதற்கு முன்னரே அக்கொள்கையுடையர் எனவும் 2018 இல் வரலாற்றாய்வாளர் சிலர் மறுத்துரைத்தனர். இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் நீதிபதியின் செலவை வழக்காளி ஒருவர் கொடுத்திருந்தமையை அவையோர் அறிந்திருக்க வேண்டும் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இனி, பழவெல்லம் தன் பெயரோடு மன்றேறிய கதையைக் கூறுவோம். சோளத்தின் மாப்பொருளைச் சிதைத்தாற் குளுக்கோசுப் பாகு கிடைக்கும். ஆனால் அது சீனியளவு இனிப்பதில்லை. குளுக்கோசைப் பழவெல்லமாக மாற்றும் நொதியத்தின் செயலை அமெரிக்கரான மார்ஷல், கூயி என்போர் 1957 இல் அறிவித்தனர். ஜப்பானிய அறிஞரான தகசாக்கி அம்முறையைத் தொழிலுக்கு ஏற்றதாக்கினார். 1967 தொடக்கம் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தொழிற்சாலையொன்று பழவெல்லம் மிக்க சோளப்பாகை விற்கலாயிற்று. 1974 ஆம் ஆண்டின் நவம்பரில் உலகச் சந்தையிற் சீனி விலை இறாத்தலுக்கு 60 அமெரிக்கச் சதத்தையும் கடந்தது. 1982 இல் அமெரிக்க அரசு இறக்குமதிச் சீனிக்குப் பங்கீட்டு வரம்பும் விதித்தது. மலிவான சோளப்பாகு இவ்விரண்டாலும் வெற்றி கண்டது. 1984 ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்காவின் பெயர்பெற்ற கோலாப் பான நிறுவனங்கள் இரண்டும் சீனியைக் கைவிட்டு இப்பாகுக்கு மாறின. 1970 இற்கும் 1990 இற்கும் இடையில் அந்நாட்டில் இப்பாகின் நுகர்ச்சி பத்து மடங்குக்கு மேற் பெருகியது. அதே காலத்தில் அமெரிக்க மக்களின் உடலும் பருக்கத் தொடங்கியது.

இவ்விரண்டையும் இணைத்து 2004 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் பிறே, நீல்சன், பொப்கின் என்னும் அறிஞர் மூவர் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். பானங்களிலுள்ள சோளப்பாகு உடற்பருமனுக்குத் துணை செய்தல் கூடும் என்பது அது. மக்கள் உள்ளத்தை இக்கூற்று மிக விரைவிற் பற்றிக்கொண்டது. ஆனால் பெயரைக் கண்டு மயங்கியவர் பலர். பானங்களிற் கலக்கப்படும் சோளப்பாகிற் பழவெல்லம் நூற்றுக்கு 55 பங்கு; கரும்புச் சீனியில் அது 50 பங்கு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை மிகச் சிறிதே. மேலும், 1999 இற்குப் பின் அமெரிக்காவிற் சோளப்பாகின் நுகர்ச்சி குறைந்தபோதும் உடற்பருமன் குறையவில்லை. சோளப்பாகை விலக்கிக் கரும்புச்சீனியை உண்டால் நலமெனக் கருதியவர் பெயரை மாற்றினரேயன்றிப் பொருளை மாற்றினாரல்லர்.

ஆயினும் பழவெல்லத்தைப் பற்றிய ஐயம் வெறும் பெயர் மயக்கமன்று. அதற்கு உடலியலில் ஓர் அடிப்படை உண்டு. குளுக்கோசை உடலின் எல்லா உறுப்புக்களும் பயன்படுத்துகின்றன. இன்சுலினும் ஈரலிலுள்ள ஒரு நொதியமும் அதன் போக்கைக் காவலர்போல் ஒழுங்குபடுத்துகின்றன. பழவெல்லமோ பெரிதும் சிறுகுடலாலும் ஈரலாலும் கையாளப்படுவது. அது அக்காவல் நிலையத்தைக் கடந்து வேறு வாயிலால் உட்புகுகின்றது. சிறிதளவாயின் ஈரல் அதனைக் குளுக்கோசாகவும் கிளைக்கோசனாகவும் மாற்றும். ஒரே வேளையில் மிகுதியாகப் புகுந்தால், ஈரலின் சத்திச் சேமிப்புச் சுருங்கி யூரிக்கமிலம் பிறக்கின்றது. எஞ்சியது கொழுப்பாக மாறுகின்றது. குருதியின் குளுக்கோசை உயர்த்தாமை என்னும் குணத்துக்கும், ஈரலிற் கொழுப்பைச் சேர்த்தல் என்னும் குற்றத்துக்கும் காரணம் ஒன்றே. முன்னோர் போற்றியதும் பின்னோர் தூற்றியதும் ஒரு நாணயத்தின் இருபுறங்களாம்.

2009 ஆம் ஆண்டிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து அறிஞரான ஸ்ரான்ஹோப்பும் ஹவலும் பிறரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல் பருத்த 32 பேர் பத்து வாரங்கள், தமக்கு வேண்டிய சத்தியின் காற்பங்கினைக் குளுக்கோசுப் பானமாகவோ பழவெல்லப் பானமாகவோ பருகினர். இரு பகுதியாரும் ஏறத்தாழ ஒரே அளவு நிறை கூடினர். ஆனால் பழவெல்லம் பருகியவர்க்கே வயிற்றின் உட்புறத்திற் கொழுப்பு மிகுந்தது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்கும் தன்மையும் அவர்க்கே குறைந்தது. நிறைகோல் காட்டாத வேற்றுமையை நுண்ணிய அளவைகள் காட்டின. அவ்வாண்டிலேயே சான்பிரான்சிஸ்கோ நகரத்துக் குழந்தை மருத்துவரான றொபேட் லஸ்ரிக் நிகழ்த்திய விரிவுரை இணையத்தின் வாயிலாக உலகெங்கும் பல இலட்சம் மக்களைச் சென்றடைந்தது. பழவெல்லம் மதுவைப்போல் ஈரலைக் கெடுக்கும் ஒரு நஞ்சு என அவர் முழங்கினார். அமைதியான ஆய்வுகூடத்தினின்றும் வழக்குச் சந்தைக்கு வந்தது.

எதிர்வாதமும் வலிமையுடனேயே எழுந்தது. எலிகளுக்கு ஊட்டிய பழவெல்லத்தின் அளவு மனிதர் உண்பதைப் பன்மடங்கு மிஞ்சியது எனவும், மனிதரிடத்து நடந்த சோதனைகளிலும் மிகையளவே கொடுக்கப்பட்டது எனவும் கூறினர். ரொரன்ரோவைச் சேர்ந்த சீவன்பைப்பரும் துணைவரும் 41 சோதனைகளைத் திரட்டி 2012 இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. ஏனைய மாச்சத்துக்களுக்குப் பதிலாக, மொத்தச் சத்தியைக் கூட்டாது, பழவெல்லத்தைக் கொடுத்த 31 சோதனைகளில் உடல்நிறை கூடவில்லை. வழக்கமான உணவுக்கு மேலதிகமாக அதனைக் கொடுத்த 10 சோதனைகளில் நிறை கூடியது. எனவே குற்றம் பழவெல்லத்தினது அன்று, மிகையுணவினதே என்பது அவர் முடிவு. இதற்கு மறுமொழியாக மற்றைச் சாரார், நிறையொன்றையே நோக்குதல் போதாது, ஈரலை நோக்குக என்றனர். ஒன்பது நாள் மாத்திரம், சத்தியைக் குறையாது, சீனிக்குப் பதில் மாப்பொருளைச் சிறுவர் சுமார் 40 பேருக்கு லஸ்ரிக்கும் துணைவரும் கொடுத்தபோது, ஈரற் கொழுப்பின் நடுமதிப்பு நூற்றுக்கு 7.2 இலிருந்து 3.8 ஆகக் குறைந்தது. அச்சோதனையில் ஒப்புநோக்குதற்கு வேறொரு குழு இல்லாமையை எதிரிகள் சுட்டத் தவறவில்லை. இங்ஙனம் இருவரும் வெவ்வேறு கோலால் அளந்து, ஒருவரை ஒருவர் பிழை என்றனர்.

கனிகளைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தார் 2018 இல் எலிகளிற் செய்த ஆய்வு, சிறிதளவாக மெல்லச் செல்லும் பழவெல்லத்தின் பெரும்பகுதியைச் சிறுகுடலே மாற்றிவிடுகின்றது எனவும், ஒருங்கே பெருகி வருவதே வழிந்து ஈரலைச் சேர்கின்றது எனவும் காட்டியது. நடுத்தரமான அப்பிள் ஒன்றிற் பழவெல்லம் ஏறத்தாழ 10 கிராம் உண்டு. ஆனால் அது நாரோடும் நீரோடும் கலந்து, மென்று உண்ண நேரமெடுத்து, மெல்லவே குடலைச் சேர்கின்றது. 330 மில்லிலீற்றர் கோலாப் பானத்திலோ 35 கிராம் சீனி உண்டு. அதன் பாதி பழவெல்லம். சில நிமிடங்களில் அது குடலை அடைந்துவிடும். முழுக்கனி உண்போர்க்கு நீரிழிவு மிகுவதாக மக்களிடத்து நடந்த ஆய்வுகள் காட்டவில்லை; இனிப்புப் பானம் பருகுவோர்க்கு மிகுவதாகக் காட்டின.

வழக்கின் சான்றாளரைப் பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். இனிப்புப் பானங்களும் உடல்நிறையும் பற்றிய மீளாய்வுகளை 2013 ஆம் ஆண்டில் ஸ்பானிய, ஜேர்மன் அறிஞர் ஒப்பிட்டனர். உணவுத் தொழிலாரின் தொடர்பில்லாதோர் எழுதிய 12 முடிவுகளில் 10, பானத்துக்கும் பருமனுக்கும் தொடர்பு உண்டு என்றன. அத்தொடர்புடையோர் எழுதிய 6 முடிவுகளில் 5, தக்க சான்று இல்லை என்றன. ஈண்டு எவரையும் பொய்யர் எனல் வேண்டுவதில்லை. எதனை அளப்பது, எதனோடு ஒப்பிடுவது, எவ்வளவு சான்றைப் போதுமெனக் கொள்வது என்னும் தெரிவுகளிலேயே விருப்பு வெறுப்புக்கள் ஒளிந்து நிற்கின்றன.

அரசுகளும் பொதுநிறுவனங்களும் வாதம் முடியும்வரை காத்திருக்க இயலாதனவாய் நடவடிக்கை எடுத்தன. நீரிழிவு நோயாளர் பழவெல்லத்தை இனிப்பூட்டியாகச் சேர்த்துக்கொள்ளல் தக்கதன்று என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2002 இல் அறிவித்தமை, நூறாண்டு நட்பின் முடிவைக் குறித்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில், உணவிற் சேர்க்கப்படும் சீனி, தேன், பழச்சாறு ஆகியவற்றின் வெல்லங்கள் மொத்தச் சத்தியின் பத்திலொரு பங்கை மிஞ்சலாகாது என விதித்தது. அதனினும் பாதியாக, ஏறத்தாழ 25 கிராமாக, குறைத்தல் மேலும் நன்று எனவும் கூறியது. முழுக்கனியின் வெல்லம் இவ்வரம்பினுட் சேராது. மெக்சிக்கோ 2014 இலும் பிரித்தானியா 2018 இலும் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தன. நம் நாட்டிலும் 2016 இற் பானங்களின் சீனியளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் குறிக்கும் விதி வந்தது. 2017 இற் சீனியளவுக்கேற்ற வரியும் விதிக்கப்பட்டது. இவ்வரம்பும் வரிகளும் பழவெல்லத்தைத் தனியே பிரித்துக் கண்டித்தில. வெல்லம் எதுவாயினும் மிகையே கேடு எனக் கொண்டன. வழக்குத் தீராதபோதும் வாழ்க்கைக்குப் போதிய தீர்ப்பு இது.

இந்நெடிய வரலாற்றிலிருந்து யாம் பெறுவது யாது? வில்லிஸ் குற்றஞ் சாட்டினார். ஸ்லேயர் தம் பாட்டனாரைச் சாட்சிக்கு அழைத்தார். முந்நூறாண்டின் பின்னரும், தம் உறவினர் ஒருவர் சீனியுண்டு நெடுநாள் வாழ்ந்தமையையோ, சீனியை விட்டு நோய் தீர்ந்தமையையோ காட்டி வாதிடுவோர் நம்மிடையே உளர். அறிஞர்தாமும் தாம் பழகிய கோலையே மெய்யின் எல்லையாகக் கொண்டு பிழைத்தனர். குருதியின் குளுக்கோசை அளந்தோர்க்குப் பழவெல்லம் நண்பன். ஈரலையும் யூரிக்கமிலத்தையும் அளந்தோர்க்கு அது பகைவன். மாறியது பழவெல்லமன்று. மனிதர் உண்ட அளவு மாறியது. மனிதர் அளந்த முறையும் மாறியது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் நாட்டு முதுமொழி. ஆனால் அவ்வளவு எது என்பதை அம்மொழி கூறவில்லை. அதனைக் காணவே மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. தமிழ்த் தருக்க நூலார் மெய்யை அறிதற்குரிய கருவியை அளவை என்றனர். உண்பதில் அளவும், அறிவதில் அளவையும் ஒருங்கே வேண்டும் என்பதே பழவெல்லத்தின் வழக்கு நமக்குப் புகட்டும் பாடம். விஞ்ஞானம் தன் தீர்ப்பை மாற்றியது கண்டு அதனை இகழ்வோர், அது மாறியமையாலன்றோ நோயாளர் பலர் உயிர் பிழைத்தனர் என்பதை எண்ணுதல் வேண்டும். நாளை பிறிதோர் அளவை பிறிதொன்றைக் காட்டக்கூடும். அப்பொழுது தம் கோலை மாற்றத் துணிவும், முன்னே நின்று முறையிடும் ஒருவரின் சொல்லுக்குச் செவிகொடுக்கும் பொறுமையும் உடையோரே மெய்யறிஞராவர்.